வெள்ளை மை ஓய்வெடுத்த ஆயுதபூஜை

பனியனில் படம் அடிக்கும் டிஜிட்டல் மெஷின்களுக்கு மை விற்கும் நம் கம்பெனியில், சர்வீஸ் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு வணக்கம். வணக்கம் சொல்லியாயிற்று, இனி வம்புக்கு இழுக்கலாம். ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தது உங்கள் தவறு.

காலையில் உங்கள் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பெரிய கெட்டிக்காரர்களாக இருக்கிறீர்கள். ஒரு மெஷினின் பெயரைச் சொன்னால் அதன் ஜாதகத்தையே ஒப்பிக்கிறீர்கள். ஆனால் குழாய்க்குள் மை எப்படி ஓடுகிறது என்று கேட்டதற்கு, "பம்ப் போட்டா ஓடும் சார்" என்று ஒரு தம்பி எழுந்து நின்று பதில் சொன்னார். எல்லோரும் தலையாட்டினீர்கள். அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. நானும் பாதி உத்தியோகத்தை அந்தப் பதிலை வைத்துத்தான் ஓட்டினேன். நம் தொழிலில் பல பேருக்கு அது பென்ஷன் வரைக்கும்கூடத் தாங்கியிருக்கிறது.

கறுப்புப் பனியனில் படம் அடிக்க வேண்டுமென்றால் முதலில் வெள்ளை அடித்து, அதன்மேல்தான் மற்ற நிறங்களை அடிக்க வேண்டும். இது உங்களுக்குத் தெரியும். வெள்ளை மை என்பது கரைசல் இல்லை. கண்ணுக்குத் தெரியாத வெள்ளைத் துகள்கள் தண்ணீர் மாதிரியான ஒரு திரவத்தில் மிதக்கின்றன, அவ்வளவுதான். மற்ற நிறத் துகள்களைவிட அவற்றுக்குக் கனம் அதிகம். சும்மா விட்டால் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் மெஷினை அணைத்த பிறகும் ஒரு சின்ன பம்ப் அந்த மையை மட்டும் குழாயில் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டே இருக்கிறது.

உட்கார்ந்த துகள்கள் கட்டியாகிவிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் எல்லோரும் பயப்படுகிறீர்கள். கட்டியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கட்டி பெரியது, வடிகட்டியில் மாட்டிக்கொள்ளும், எடுத்து எறிந்துவிடலாம். நம் குடியைக் கெடுப்பது ஜோடி. இரண்டே துகள்கள் சேர்ந்த ஜோடி வடிகட்டியில் தப்பித்துவிடும். தப்பித்துக் குழாய் வழியாக வந்து, மெஷினின் உயிர் எங்கே இருக்கிறதோ அங்கே, தலைமயிரைவிட மெல்லிய துளைகள் உள்ள பிரிண்ட் ஹெட்டில் வந்து நிற்கும்.

இதை எனக்குக் காட்டியவர் நம் மை ஆய்வகத்தில் அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண். என்னைவிட வயதில் மிகவும் சிறியவர் என்பதால் அவரிடம் கேட்க எனக்குக் கொஞ்சம் கௌரவக் குறைச்சலாக இருந்தது. அதை அவரும் கண்டுபிடித்து, "பரவால்ல சார், யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், பாருங்க" என்று நுண்ணோக்கியை என் பக்கம் திருப்பினார். மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்றில், நிறையத் தண்ணீர் கலந்த வெள்ளை மை ஓடிக்கொண்டிருந்தது. இருட்டுப் பின்னணியில் துகள்கள் புள்ளி புள்ளியாக ஒளிர்ந்தன. தனித் துகள் ஒரே சீராக ஒளிர்ந்தபடி போகிறது. ஜோடி மட்டும் மினுக் மினுக் என்று விட்டுவிட்டு ஒளிர்கிறது. குழாயின் நடுவில் ஓட்டம் வேகம், ஓரத்தில் மெதுவு. ஜோடியில் ஒன்று வேகத்திலும் இன்னொன்று மெதுவிலும் மாட்டிக்கொள்வதால் அது குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே போகிறது. அந்தக் குட்டிக்கரணம்தான் மினுக்கல்.

"மினுக்குறதுலயும் ரெண்டு வகை சார்" என்றார் அந்தப் பெண். "பக்கத்துல வந்து தளர்வாப் பிடிச்சிருக்கிற ஜோடி கொஞ்ச தூரம் மினுக்கிட்டுப் பிரிஞ்சிரும். நல்லா ஒட்டிக்கிட்ட ஜோடி கடைசி வரைக்கும் மினுக்கும். ரெண்டாவது வகைக்கு வைத்தியமே கிடையாது. முதல் வகையை நாமளா ரெண்டாவது வகையா மாத்தாம இருந்தாப் போதும்."

எப்படி மாற்றுவோம் என்று கேட்டேன்.

"அவசரப்பட்டு."

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு முழு நாளை நான் ஓட்ட வேண்டி வந்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மங்கலம் பக்கம் எஸ்தர் என்று ஒரு பெண் பிரிண்டிங் யூனிட் நடத்திவந்தாள். ஊர் நாசரேத் பக்கம். பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்று, பிறகு பிரிண்டிங் படித்து, பிறகு துணிந்து தனியாக வந்தவள். அவளிடம் இருந்தது ஒரே மெஷின். ஷெட்டும் பாதி முதலீடும் தங்கமுத்துவுடையது. அவருக்குக் கணியூரில் தென்னந்தோப்பு. மை, ஹெட் என்றால் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எஸ்தர் மேல் முழு நம்பிக்கை. அவளை "அம்மிணி" என்பார், அவள் அவரை "அண்ணாச்சி" என்பாள். சண்டை வந்தாலும் அவர் வாயில் "ங்க" குறையாது.

அந்த வருடம் ஆயுதபூஜைக்கு எஸ்தர் ஊருக்குப் போயிருந்தாள். போகும்போது, மெஷினை அணைக்கலாம், அந்தச் சின்ன பம்ப்பை மட்டும் அணைக்கக் கூடாது என்று தங்கமுத்துவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள். அவரும் தலையாட்டினார். ஆனால் நம்ம ஊர் பூஜையை உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? தையல் மெஷினிலிருந்து மாவு மில் வரை எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, வாழைக்கன்று கட்டிவிட்டால் மறுநாள் பூஜை வரைக்கும் எதையும் தொடக் கூடாது. ஸ்க்ரூ டிரைவருக்குக்கூட அன்று லீவு. அப்படி ஊரே ஓய்வெடுக்கும்போது ஒரு பம்ப் மட்டும் 'கிர்ர்ர்' என்று ஓடிக்கொண்டிருப்பது தங்கமுத்துவின் மனசுக்கு ஒப்பவில்லை. நம்ம அம்மிணி வேற சாமி கும்பிடுறவ, அவளுக்கு இது தெரியாது, நாமதான் பார்த்துச் செய்யணும் என்று நினைத்திருக்கிறார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டார். பிரிண்ட் ஹெட் மூடிமேல் மூன்று விரலால் பட்டை போட்டு நடுவில் பொட்டும் வைத்திருந்தார். நான் பார்த்த ஹெட்டுகளிலேயே அழகான ஹெட் அதுதான்.

விஜயதசமி அன்று நல்ல நேரம் பார்த்து மறுபூஜை முடித்து மெஷினைப் போட்டார்கள். எஸ்தர் காலையில்தான் ஊரிலிருந்து வந்து இறங்கியிருந்தாள். சோதனைக்கு அடிக்கும் கோடுகளில் வெள்ளைக் கோடு பாதிக்கு மேல் காணோம். அவள் உடனே எனக்குப் போன் செய்தாள்.

போய்ப் பார்த்தேன். குழாயில் மேலே தண்ணீர், அடியில் வெள்ளை என்று தனித்தனியாக நின்றது. ஷெட்டின் மறுபக்கம் கறுப்புப் பனியன்கள் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தன. மறுநாள் மதியம் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு லாரி கிளம்ப வேண்டும். அது எஸ்தருக்குக் கிடைத்த முதல் பெரிய ஏற்றுமதி ஆர்டர். தவறினால் அந்தக் கம்பெனி மறுபடி அவளைக் கூப்பிடாது. ஆனால் ஹெட்டே போய்விட்டால் ஆர்டர் என்ன, தொழிலே கிடையாது. புது ஹெட் வாங்கும் நிலையில் அவளும் இல்லை, தோப்பை அடகு வைக்காமல் தங்கமுத்துவாலும் முடியாது. திரும்பச் செக்கிங் மேசைதான்.

தங்கமுத்து ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க, ஒரு நா ஓய்வு குடுத்தா மெஷினுக்கு ஆகாதுங்களா?" என்றார்.

"உங்களுக்கும் எனக்கும் ஆகும். இதுக்கு ஆகாதுங்க" என்றேன்.

அவர் முகம் செத்துவிட்டது. அதற்கு மேல் அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. எஸ்தரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது அவருக்கு இன்னும் வலித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மெஷினில் ஒரு பட்டன் இருக்கிறது. உங்களுக்கு மிகவும் பிடித்த பட்டன். 'பவர் க்ளீனிங்'. அமுக்கினால் ஹெட்டின் வாயில் பம்ப் வைத்து மையைப் பலமாக உறிஞ்சி இழுக்கும். அடைப்பு சில சமயம் திறக்கும். திறந்தால் மாலைக்குள் பிரிண்டிங் ஆரம்பித்துவிடலாம்.

"எங்க தோப்புல சொட்டுநீர்க் குழாய் அடச்சா வாய வெச்சு ஒரே ஊதுங்க, படக்குனு திறந்துக்கும்" என்றார் தங்கமுத்து. "அந்தப் பட்டன ஒருக்கா அமுக்கித்தான் பாருங்களே அம்மிணி."

நான் அவருக்குப் பல்லடம் பஸ் ஸ்டாண்டைச் சொன்னேன். தோளில் கைபோட்டுக்கொண்டு இரண்டு பேர் ஒரே நேரத்தில் பஸ் படியில் ஏறினால் வாசலில் மாட்டிக்கொள்வார்கள். பின்னாலிருந்து கூட்டம் தள்ளினால் என்ன ஆகும்? இன்னும் இறுகும். தள்ளாமல் இருந்தால் அவர்களே கையை எடுத்துவிட்டு ஒருவர் பின் ஒருவராக ஏறிவிடுவார்கள். பூஜைக்கு உட்கார்ந்த இந்தத் துகள்கள் இப்போதுதான் தோளில் கை போட்டிருக்கின்றன. இறுக ஒட்டிவிட்டனவா என்று இன்னும் தெரியவில்லை. இந்த நேரத்தில் உறிஞ்சி இழுத்தால் துளை வாசலில் வைத்து நாமே ஒட்டிவிடுவோம்.

"கண்டக்டர் விசிலடிச்சு நிறுத்தோணுமுங்க" என்றார் தங்கமுத்து. அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கண் மட்டும் பட்டன் மேலேயே இருந்தது.

செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், விவரம் கையேட்டில் இருக்கிறது, எப்போதாவது திறந்து பாருங்கள். ஹெட்டை மைக் குழாயிலிருந்து பிரித்துக் கழுவும் திரவத்தில் ஊறவிட்டேன். மையை மட்டும் தனியாக, மிக மெதுவாகக் குழாயில் சுற்றவிட்டேன். பையிலிருந்த இரண்டு சின்ன நுண்ணோக்கிகளில் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்து, கண்ணாடிக் குழாயில் ஒரு சொட்டை ஓடவிட்டுப் பார்த்தேன். திருவிழா சீரியல் லைட் போட்ட மாதிரி மினுக்கியது. அதற்குப் பிறகு எனக்கு வேலை இல்லை. காத்திருப்பதுதான் வேலை. சர்வீஸ்காரன் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் வாடிக்கையாளருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நம் தொழிலில் ஆகக் கஷ்டமான வேலை அதுதான். கையில் ஸ்பேனரையாவது வைத்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும்.

மதியம் ஏற்றுமதிக் கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். ஆர்டரைத் துரத்துவதுதான் அவன் வேலை, மெர்ச்சண்டைசர் என்பார்கள். மெஷின் சும்மா நிற்பதையும் நான் உட்கார்ந்திருப்பதையும் மாறிமாறிப் பார்த்தான்.

"அக்கா, மெஷின் எப்ப ஓடும்?"

"தெரியல தம்பி" என்றாள் எஸ்தர்.

"தெரியலன்னா நான் ஆபீஸ்ல என்னன்னு சொல்றதுங்க்கா? இப்பவே ஓட்டுறதா இருந்தா பீஸ் இங்க இருக்கட்டும். இல்லீன்னா நான் பல்லடத்துக்குத் தூக்கிட்டுப் போறேன்."

பல்லடத்தில் தறியை விற்றுவிட்டுப் பிரிண்டிங்கில் இறங்கிய ஒருவர் இருந்தார். அவரிடமும் ஒரே மெஷின்தான், நம் மைதான். எஸ்தருக்கு நேர்ப் போட்டி.

எஸ்தர் மெஷின் அருகில் போய் நின்றாள். விரல் பட்டன் மேல் இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சார், உண்மையச் சொல்லுங்க. உங்க சொந்த மெஷினா இருந்தா நீங்க அமுக்குவியளா?"

புத்தகத்தில் இல்லாத கேள்வி. 'மாட்டேன்' என்று சொல்லியிருந்தால் அவள் கையை எடுத்திருப்பாள். ஆனால் பொய் சொன்னதாக ஆகியிருக்கும்.

"அமுக்கியிருப்பேன்மா" என்றேன். "சொந்த மெஷின்னா எனக்கும் கை நிக்காது. அதனால என் பேச்சக் கேக்காத. வந்து இதப் பாரு."

நுண்ணோக்கியில் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பையன் செல்போனில் மணி பார்த்தான்.

"மினுக்குது சார்" என்றாள். பிறகு, "ஒண்ணு பிரிஞ்சுது. மினுக்கிட்டே வந்து பிரிஞ்சு தனியாப் போவுது. இன்னொண்ணும் பிரியுது."

"எல்லாமா?"

"எல்லாம் இல்ல. கொஞ்சம்."

நிமிர்ந்து, பையனைப் பார்த்து, "எடுத்துக்கோங்க தம்பி" என்றாள்.

கட்டுகளை டெம்போவில் ஏற்றும்போது அவளே ஒரு பக்கம் பிடித்துக் கொடுத்தாள். தங்கமுத்துவால் அதைப் பார்க்க முடியவில்லை. வெளியே போய், ரோட்டில் உடைந்து கிடந்த திருஷ்டிப் பூசணிக்காயைக் காலால் ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். டெம்போ போன பிறகு உள்ளே வந்து, "நாந்தானுங்க கெடுத்துப்போட்டேன்" என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டார். எஸ்தர் அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள். நல்ல மனுஷன் அழுவதைப் பார்ப்பது கொடுமை.

மறுபடி காத்திருந்தோம். குழாய்க்குள் வெள்ளை மெல்ல ஒன்றுபோல ஆனது. எஸ்தர் அவ்வப்போது ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தாள். மினுக்கல் குறைந்துகொண்டே வந்தது. அடங்காமல் மினுக்கிய கொஞ்சத்தையும் சேர்த்து அந்த மையை வெளியேற்றிவிட்டுப் புது மையை மெதுவாக ஏற்றினோம். வெயில் சாய்ந்த நேரத்தில் ஹெட்டை மாட்டி, சோதனைக் கோடுகளை அடித்துப் பார்த்தாள். ஒரு கோடுகூட விடாமல் எல்லாம் வந்தன. தங்கமுத்து அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆனால் அடிப்பதற்கு ஷெட்டில் ஒரு பனியன் இல்லை.

அப்போது எஸ்தரின் போன் அடித்தது. அந்த மெர்ச்சண்டைசர் பையன்தான். இப்போது குரலில் 'அக்கா' கூடியிருந்தது. பல்லடத்து மெஷினும் நின்றுவிட்டதாம். பூஜைக்கு அங்கேயும் மெயின் சுவிட்சை அணைத்திருக்கிறார்கள். ஊருக்கே ஒரே சாமிதானே! அந்த மனிதரின் ஆபரேட்டர் லீவில் ஊருக்குப் போய்விட்டான். கொஞ்சம் மங்கலாக வந்ததும் தனியாளாகப் பதறி நம் கம்பெனி எண்ணுக்குப் போன் செய்திருக்கிறார். எடுத்தவர், 'பவர் க்ளீனிங் போடுங்க, சரியாகலைன்னா இன்னும் ரெண்டு தடவை போடுங்க' என்று சொல்லி வைத்துவிட்டார். எடுத்தவர் யார் என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார்.

பீஸ் எல்லாம் திரும்பி வருகிறது, காலைக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு அடித்துக் கொடுங்கள் என்றான் பையன். தங்கமுத்து துள்ளிக் குதித்தார். நான் என் சாமான்களை மேசைமேல் பரப்பினேன். விடிய விடிய ஓட்ட வேண்டும், இப்போதுதான் உயிர் வந்த ஹெட், நான் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

எஸ்தர் என் பையை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"நீங்க பல்லடம் போங்க சார்."

"இங்க?"

"இங்க மினுக்குதா இல்லியான்னு பாக்க எனக்குத் தெரியும். மெதுவா ஓட்டுதேன். அவரு இன்னும் அந்தப் பட்டனப் போட்டு அமுக்கிட்டு இருப்பாரு. போங்க சார், அண்ணாச்சி வண்டியில கொண்டு விடுவாவ."

போனேன். அந்த மனிதர் நிஜமாகவே அமுக்கிக்கொண்டுதான் இருந்தார். சட்டையெல்லாம் வேர்வை. பையிலிருந்த இன்னொரு நுண்ணோக்கியை வைத்துக் கண்ணாடிக் குழாயில் பார்த்தேன். எல்லா ஜோடியும் கடைசி வரைக்கும் மினுக்கிக்கொண்டே போயின. ஒன்றும் பிரியவில்லை. எனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்து பார்த்தும் அந்த ஹெட்டைக் காப்பாற்ற முடியவில்லை. அவர் எனக்கு டீ சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

மறுநாள் எஸ்தர் அடித்த பனியன்களோடு லாரி கிளம்பிய பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. பல்லடத்து ஷெட்டில் அவருடைய சொந்த ஆர்டர் கொஞ்சம் பாக்கி நின்றிருக்கிறது. அதையும் வாங்கிக்கொண்டுவந்து தன் மெஷினில் அடித்து, அவர் பெயரிலேயே டெலிவரி கொடுத்தாள் எஸ்தர். அதன் பிறகும், அவர் புது ஹெட் வாங்கி மாட்டும் வரைக்கும் தன் வேலை முடிந்த பின் அவர் வேலையையும் அடித்தாள். தங்கமுத்துவுக்கே அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. போட்டிக்காரருக்கு எதற்கு இவ்வளவு என்று நானும் கேட்டுவிட்டேன்.

"என் விரலும் பட்டன் மேலதான சார் இருந்துச்சு" என்றாள். "எனக்குப் பக்கத்துல நீங்க இருந்திய. அவருக்கு யாரும் இல்ல, அவ்வளவுதான்."